குதிகாலில் ஒரு மடிப்பு

1

என் அண்ணன் குணசேகரன் போய்ச் சேர்ந்து இந்த மார்கழியோடு ஒரு வருஷம். முதல் திதியைத் திருப்பதியில், கபில தீர்த்தத்தில் கொடுத்தார்கள். நான் போகவில்லை. நார்வேயில், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து வந்து நிற்கும் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை. டிசம்பரில் லீவு தரமாட்டார்கள் என்று அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். அது பொய். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.

ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நகரி, சித்தூர்ப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும். மே மாதத்தில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் அண்ணனுக்கு இருந்தது. சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் குளிர் அறைக்கு அவன்தான் பொறுப்பு. டின்னும் டிரம்முமாகக் கூழ் உறைந்து கிடக்கும் அந்த அறையில் ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போய் வருவான். வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே மூச்சு புகையாக வரும் குளிர். மேலுக்கு ஃபாக்டரியில் கொடுத்த பழைய கோட்டு, காலுக்கு ரப்பர் பூட்ஸ். ரப்பருக்குக் குளிரைத் தடுக்கத் தெரியாது.

அவனுக்குச் சர்க்கரை வேறு. பத்து வருஷமாக. ஒருநாள் வீடியோவில் பேசும்போது, கால் விரல்கள் மரத்துப்போய் யாருடைய விரல்களோ மாதிரி இருக்கின்றன என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மாடியில் போய்க் கம்பளி நூல் கூடையை எடுத்துப் பார்த்தேன்.

2

கம்பளி பின்ன எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகள் மாயா. அவளுக்கு அப்போது பதினோரு வயது. இங்கே பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை எல்லோருக்கும் பின்னல் ஊசி பிடிக்கக் கற்றுத்தருகிறார்கள். ஒருநாள் அவள் ஒரு முரட்டுத் தொப்பியைக் கொண்டுவந்தாள். வாளியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. இரண்டு தலை உள்ளே போகும். இதை யார் போடுவது என்று கேட்டேன். பொறு என்றாள். தலையணை உறைக்குள் அதைப் போட்டு முடிச்சிட்டு, துணி துவைக்கும் மெஷினில் சூடான தண்ணீரில் ஓடவிட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால், பின்னலின் கண்ணி ஒன்றுகூடத் தெரியவில்லை. பின்னல்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கெட்டியான கம்பளித் துணியாகிவிட்டிருந்தது. அவள் தலைக்குச் சரியாக இருந்தது.

அதற்கு ஃபெல்ட் என்று பெயர். சாதாரண ஆட்டு ரோம நூல்தான் வேண்டும். மெஷினில் சுருங்காது என்று லேபிளில் போட்டிருக்கும் நூல் ஆகாது. வேண்டிய அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பின்ன வேண்டும். சூடும் உதறலும் சேர்ந்து அதைச் சுருக்கும். அகலத்தைவிட நீளம் அதிகம் சுருங்கும். ஒருதரம் சுருங்கினால் மறுபடி விரியாது. ஈரமாக இருக்கும்போது எந்த வடிவத்தில் இழுத்து வைக்கிறோமோ அந்த வடிவத்திலேயே காயும். மாயா இவ்வளவையும் நார்வே மொழியில் சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது, மீதியைக் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று நான்கு வருஷங்கள்தான் எங்கள் இருவருக்கும் நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது. சாயங்காலங்களில் சோபாவில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பின்னுவோம். பேச்சு அதிகம் இருக்காது. அவளுக்குத் தமிழ் வீட்டுக்குள் வேண்டிய அளவுக்கு மட்டும்: சாப்பாடு, தூக்கம், குளிர், வலிக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல அவளுக்குத் தமிழ் போதாது. கேட்க எனக்கு நார்வே மொழி போதாது. பதினைந்து வயதில் ஊசிகளை வைத்துவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தொன்பது வயதில் படிக்க வேறு ஊருக்குப் போனாள்.

புரியாததற்குத் தலையாட்டுவது எனக்குப் பழைய பழக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. நகரியில் டீச்சர் தெலுங்கில் வேகமாகக் கேட்டால் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்ப்பேன். இங்கே வந்த பிறகும் அதே தலையாட்டல். வேலைக்கான நேர்காணலில்கூடப் பாதிக் கேள்விக்கு அப்படித்தான் பதில் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் அதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

3

அண்ணனுக்கு, ரப்பர் பூட்ஸுக்குள் போட்டுக்கொள்ளக் கம்பளி உறை செய்யலாம் என்று முடிவு செய்தேன். பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து போட்டோ அனுப்பச் சொன்னேன். தனம் அண்ணி காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து அனுப்பினாள். முதல் ஜோடி ரொம்பவும் சுருங்கிக் குழந்தைக் காலுக்குத்தான் ஆகும் என்றாகிவிட்டது. இரண்டாவது ஜோடியை இன்னும் பெரிதாக, முழங்கால் வரைக்கும் வரும் மாதிரி பின்னினேன். ஒரு மாதம் ஆயிற்று.

அது ஈஸ்டர் லீவுக்கு முந்தைய நாள். மறுநாளிலிருந்து ஐந்து நாள் இங்கே போஸ்ட் ஆபீஸ் திறக்காது. மாம்பழ சீசன் தொடங்குவதற்குள் பார்சல் சித்தூர் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு அவசரம். காலையில் இரண்டு உறைகளையும் தலையணை உறைக்குள் போட்டு, வீட்டுக்குக் கீழே இருக்கும் அறையில் மெஷினில் ஓடவிட்டேன். தண்ணீரைப் பிழியும் வேகச் சுழற்சி ஆரம்பிக்கும் முன்னால் மெஷினை நிறுத்தி எடுத்துவிட வேண்டும். சுழன்றால் ஈரக் கம்பளி மடிந்து, அந்த மடிப்பு அப்படியே கெட்டியாகிவிடும்.

அதே நேரம் ஆஸ்லோவில் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் காத்திருந்தேன். நான் நார்வே குடியுரிமை வாங்கியவள். இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. விசா இல்லாமல் ஊருக்குப் போய்வர ஓர் அட்டை கேட்டு விண்ணப்பித்திருந்தேன். பழைய பாஸ்போர்ட்டில் அப்பாவின், எங்கள் நைனாவின், பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். வரிசையில் நீங்கள் பதினான்காவது என்றது போன். கீழ் அறையில் சிக்னல் கிடைக்காது. பதினான்கு ஒன்பது ஆயிற்று, ஒன்பது நான்கு ஆயிற்று. வைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக ஒரு பெண் எடுத்து, இதற்கு வேறு பிரிவில் கேளுங்கள் என்று சொல்லி வைத்தாள். நான் கீழே ஓடினபோது மெஷின் சுழன்று முடித்து நின்றிருந்தது.

வலது உறை நன்றாக வந்திருந்தது. இடது உறையில் குதிகாலுக்குப் பக்கத்தில், உள்புறம், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மடிப்பு. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. மறுபடி நனைத்து, சூடேற்றி, நிதானமாக இழுத்திருந்தால் விட்டிருக்கலாம். அதற்கும் காயவும் இன்னும் அரை நாள் ஆகும். போஸ்ட் ஆபீஸ் மூன்று மணிக்கு மூடிவிடும். கால் சூட்டில் தானாகச் சமமாகிவிடும் என்று ஹீட்டர் மேல் காயவைத்தேன்.

மாயா ஈஸ்டர் லீவுக்கு வந்திருந்தாள். ஹீட்டர் மேலிருந்து இடது உறையை எடுத்து உள்ளே கையை விட்டாள். கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவிவிட்டு, "இது க்னாக்ஸோர் கொடுக்கும், மம்மா" என்றாள். இது, கொடுக்கும் என்ற இரண்டும் தமிழ். நடுவில் இருந்த வார்த்தை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. மணி இரண்டாகிவிட்டது. "ஆமா, ஆமா" என்று தலையாட்டினேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். எனக்குத் தெரிந்திருக்கிறது, ஏதோ யோசனை வைத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். உறையைத் திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டரை மணிக்குப் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

4

பார்சல் சித்தூரில் பதினெட்டு நாள் நின்றது. நான் எழுதிய பெயர் குணசேகரன். அவன் ஆதார் அட்டையில், தெலுங்கில் எழுதும்போது யாரோ குணசேகர் என்று ஆக்கியிருந்தார்கள். கடைசி எழுத்தைக் காணோம், ஆகவே ஆள் வேறு. அண்ணன் மூன்று தரம் லீவு போட்டுப் போய் நின்றான். இரண்டும் நானே என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக் கொடுத்துத்தான் பார்சலை வாங்கினான். நைனா பெயருக்காக நான் இங்கே நின்ற வரிசைதான் அதுவும். அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

உறையைப் போட்டுக்கொண்டு வீடியோவில் காட்டினான். லுங்கிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இரண்டு கால்.

"எப்படி இருக்குதுண்ணா?"

"சுடச்சுட கீது வசந்தா. உள்ள போனா குளிரே தெரியல. மத்தவங்கல்லாம் கேக்கறாங்க, எங்க வாங்கினன்னு. என் தங்கச்சி நார்வேல இருந்து பின்னி அனுப்பிகீறான்னு சொல்லிக்கினு கீறேன்."

அந்த சீசன் முழுக்க அதைப் பற்றியே பேசினான். ஆடி மாதத்தில் பேச்சு குறைந்தது. கேட்டால் வேலை என்றான். ஆவணியில் அண்ணன் மகன் போன் செய்து, அப்பாவுக்குக் காலில் புண், வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றான். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பையன், எதையும் சுருக்கமாகத்தான் சொல்வான். பத்து நாள் கழித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எல்லாம் சர்க்கரை வேலை என்று அண்ணன் சொன்னான். அவன் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நானும் சர்க்கரையைத்தான் திட்டினேன்.

மார்கழியில் புண் மறுபடி சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்து, மூன்றே நாளில் போய்விட்டான். செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். முதியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து போனில் விசா விண்ணப்பத்தைத் திறந்தேன். சொந்த அண்ணன் சாவுக்குப் போக விசா. இந்தியாவில் உங்களைத் தெரிந்தவர் யார், பெயர், முகவரி, போன் நம்பர் என்று ஒரு கட்டம் வந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான். அவன் பெயரையே எழுதினேன். விசா வர மூன்று நாள் ஆயிற்று. நான் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாம் நாள்.

5

காரியம் முடிந்த மறுநாள். நான் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. அண்ணி பரண் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினாள். உள்ளே அந்த இரண்டு உறைகள். துவைத்து மடித்திருந்தாள். வலது உறை அப்படியே இருந்தது. இடது உறையில் குதிகாலைச் சுற்றி, துவைத்தும் போகாத பழுப்புக் கறை. நான் கையை உள்ளே விட்டேன். மடிப்பு சமமாகியிருக்கவில்லை. எட்டு மாதத்தில் மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது.

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். புண் அங்கேதான் ஆரம்பித்தது என்றாள். காலில் உணர்ச்சி இல்லாததால் அவனுக்கு அது உரசுவது தெரியவே இல்லை. தெரிந்தபோது உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்திருந்தது. உறையைப் பார்த்ததும் டாக்டர் காரணத்தைச் சொல்லிவிட்டார்.

"உனக்குச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. அவ்ளோ தூரத்துல இருந்து ஆசையா பின்னி அனுப்பிச்சா, அது தெரிஞ்சா அவ சோறு துன்ன மாட்டான்னாரு. பையனுக்கும் சொல்லல. நான் எவ்ளோ நாளு மனசுல வெச்சிக்கினு இருப்பேன் வசந்தா."

உறையை மடித்துப் பையில் திரும்ப வைத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் நடமாடினேன், சாப்பிட்டேன், பெட்டி கட்டினேன். அண்ணி பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். நான் வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். நான்தான் முதலில் கையை எடுத்துக்கொண்டேன்.

நார்வே திரும்பிய வாரத்திலேயே மாயாவுக்குப் போன் செய்து, க்னாக்ஸோர் என்றால் என்ன என்று கேட்டேன். எங்கே கேள்விப்பட்டாய் என்றாள். சமையலறையில் யாரோ சொன்னார்கள் என்றேன். ஷூ உரசி உரசித் தோல் புண்ணாகும் இல்லையா, அது, என்று நார்வே மொழியில் நிதானமாக விளக்கினாள். செருப்புக்கடி. இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை. இங்கே வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு வெளியிலும் வளர்ந்த என் மகளுக்கு அதைத் தமிழில் சொல்லும் சந்தர்ப்பத்தை நான் ஏற்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அண்ணியோடு பேசவில்லை. அவள் போன் வந்தால் ஓய்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு, வேலையில் இருந்தேன் என்று இரண்டு வரி அனுப்புவேன். பொங்கல், யுகாதி, தீபாவளி எல்லாம் அப்படியே போயின. ஊசிகளையும் நூலையும் ஒரு பெட்டியில் போட்டு, நூலகத்தில் கூடிப் பின்னுகிறவர்களுக்கென்று கொடுத்துவிட்டேன். கணவர் ஏன் என்று கேட்டார். கண் வலிக்கிறது என்றேன். கப்பல் பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்து சோர்ந்து உட்காருகிற மனிதர், அதற்கு மேல் கேட்கவில்லை.

6

திதிக்கு முந்தின ராத்திரி மாயா ரயிலில் வந்தாள். நான் கூப்பிடவில்லை. மாமாவின் நாள் என்று அப்பா சொன்னாராம். காலையில் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். பூட்ஸ் உறை மாமாவுக்குப் பிடித்திருந்ததா, அதை என்ன செய்தார்கள் என்று அவளாகக் கேட்டாள். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். எனக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்த மொழிகள் எல்லாவற்றையும் கலந்து.

அவள் முகம் மெதுவாக மாறுவதைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நான் ஒருதரம்தான் சொன்னேன்" என்றாள். "உனக்குப் புரியலன்னு எனக்குத் தெரியும். நீ புரியாதப்ப ரெண்டுதரம் ஆமா சொல்லுவ. தெரிஞ்சும் நான் போயிட்டேன்."

அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. இது என்னோடு இருக்கட்டும் என்றுதானே ஒரு வருஷம் யாரிடமும் பேசாமல் இருந்தேன். உன் தப்பு இல்லை என்று சொன்னேன். அவள் தலையை அசைத்துக்கொண்டே இருந்தாள். நான் சொல்வதை அவள் நம்பப் போவதில்லை.

ஏழரை மணிக்குப் போன் அடித்தது. அங்கே பன்னிரண்டு. அண்ணி. நான் மேஜை மேல் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாயாதான் எடுத்து, என் கையில் கொடுத்தாள்.

திதி நல்லபடியாக முடிந்தது, தீர்த்தத்தில் கூட்டம் அதிகமில்லை, பையன் பஸ்ஸுக்கு டிக்கெட் போடப் போயிருக்கிறான் என்று அண்ணி சொன்னாள். பின்னால் யாரோ தெலுங்கில் யாரையோ கூப்பிடும் சத்தம். நான் ம் கொட்டினேன். பிறகு எனக்கே கேட்காத குரலில், என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணி என்றேன்.

"அதுக்குத்தான் ஒரு வருஷமா உனக்குப் போன் போட்டுக்கினு கீறேன்" என்றாள். "அன்னிக்கு உன்கிட்ட பாதிதான் சொன்னேன். மீதியச் சொல்ல எனக்கு வாய் வரல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான்தான் அத தொவைப்பேன். நீ சொன்ன மாதிரியே பச்சத் தண்ணியில. ஆனி மாசத்துல இருந்தே குதிகால்ல மஞ்சளா கறை இருந்திச்சி. சீசன்ல அவரு துணி எல்லாத்துலயும் கூழ் ஒட்டிக்கினுதான் வரும். அதுவும் கூழுன்னுதான் நெனச்சேன். ஆறு வாரம் வசந்தா. ஆறு வாரம் அத சோப்புப் போட்டுத் தேச்சித் தேச்சிக் காயவெச்சி, மறுபடி அவருகிட்டயே மாட்டிக்கக் குடுத்தேன். ஒருநாளு மோந்து பாத்திருந்தாகூடத் தெரிஞ்சிருக்கும்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். மாயா எதிரில் உட்கார்ந்து எங்கள் இருவர் பேச்சில் எவ்வளவு புரிந்துகொண்டாளோ தெரியாது. எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணி தொடர்ந்து பேசினாள். இதைப் பையனிடம் சொல்ல முடியாது, அக்கம்பக்கத்தில் சொல்ல முடியாது, உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும், நீயோ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய் என்றாள். பொங்கலுக்கு அப்புறம் சித்தூர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பையனோடு போய் இருக்கப் போகிறாளாம். அவன் அங்கே ஓர் அறை பார்த்திருக்கிறான்.

பஸ் வந்துவிட்டது என்று பையன் கூப்பிடும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்திருக்கிறாள் என்று மூச்சில் தெரிந்தது.

"நாளைக்குப் போன் பண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

"பண்ணு" என்றாள். "நாளைக்கு அவன் ஷிப்டுக்குக் காலையிலயே ஸ்ரீ சிட்டிக்குப் போயிடுவான். ஒம்பது மணிக்கு மேல நான் தனியாத்தான் இருப்பேன்."